நெடும்பாரில் மூடுபனி

"தென் கடலோர மாவட்டங்களில் அடுத்த மூன்று நாட்களுக்கு வறண்ட வானிலையே நிலவும். பகல்நேர வெப்பநிலை இயல்பைவிட இரண்டு டிகிரி வரை…"

"போதும்!" என்று பிரிஸ்கா ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள்.

வானிலை அறிக்கையை முழுதாகக் கேட்கும் பழக்கம் சந்தியாகுதுறையில் எவருக்கும் கிடையாது. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வருகிறதா என்பதற்காக மட்டுமே ரேடியோவைத் திருகுவார்கள். அந்த எச்சரிக்கை இருந்தால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு வரியில் அது வரவில்லையென்றால் ரேடியோவுக்கு வேலை முடிந்தது, படகுக்கு வேலை தொடங்கியது. மிச்சத்தை உட்கார்ந்து கேட்பவனுக்குக் கடலில் ஜோலி இல்லை என்று அர்த்தம்!

பிரிஸ்காவுக்கோ 'வறண்ட வானிலை' என்ற இரண்டு சொற்களே போதுமாயிருந்தது. மூன்று வாரமாக அதற்காகத்தான் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டிருந்தாள். காற்றும் மழையும் ஓய்ந்தால் கடல் தெளியும். தெளிந்தால் அடி தெரியும். கடலுக்குள் மூழ்கிப் பாசி பறித்துப் பிழைக்கிற பெண் அவள். வயது இருபத்து மூன்று. ஒரே மூச்சில் ஐந்து பாகம் ஆழம் போய் வருவாள். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் அகல விரித்தால் வரும் நீளம்.

ஆனால் அவள் தேடியது பாசியை அல்ல, ஒரு மணியை!

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஊரார் கட்டவிருந்த புது மாதா கோயிலுக்காகத் தூத்துக்குடியில் ஒரு வெண்கல மணியை வார்த்தார்கள். லாரியில் ஏற்றினால் மூன்று மணி நேரத்தில் வந்திருக்கும். ஆனால் மாதாவின் மணி கடல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும் என்று ஊராருக்கு ஒரே பிடிவாதம். அதைக் கொண்டுவர ஊரே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த ஆள் பிரிஸ்காவின் அப்பா தொம்மை. வள்ளத்தை நடத்தும் தலைவனைத் தண்டல் என்பார்கள். அந்தக் கரையிலேயே பேர்பெற்ற தண்டல் அவர்.

ஊரை நெருங்கும்போது நெடும்பார் என்ற பாறைத்திட்டின் ஓரத்தில் சுழல்காற்று வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. மணி மூழ்கிவிட்டது. தொம்மை வள்ளத்தைக் கட்டிப்பிடித்தபடி கரை சேர்ந்தார். விழுந்த இடத்தையும் துல்லியமாகச் சொன்னார்: "கோயில் சிலுவையும் வாட்டர் டேங்கும் ஒரே கோட்டுல நின்னுச்சு. அஞ்சு பாகம் தண்ணி. பார் முடிஞ்சு வெள்ள மணல் தொடங்குற எடம்."

கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்திக் கடலில் இடம் குறிப்பது அவர்களுக்கு வீட்டு வாசலைக் காட்டுவது போலச் சுலபம். ஆனால் அந்த வருடம் புயலுக்கு மேல் புயல். பழைய கோயிலே ஆட்டம் கண்டு, அதை இடித்துப் புதுக் கோயிலை எழுப்பினார்கள். அடுத்த வருடம் கடல் தெளிந்ததும் இளைஞர்களும் பிரிஸ்காவும் போய்த் தேடினார்கள். அதற்கடுத்த இரண்டு வருடமும் தேடினார்கள். தொம்மை சொன்ன கோட்டில் மணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

"வள்ளம் ஒரு கீறல் இல்லாம வருது, மணி மட்டும் எப்படிய்யா முங்கும்?" என்று மணி மூழ்கிய வாரமே ஊர்த்தலைவர் பிரகாசம் கூட்டத்தில் கேட்டிருந்தார். அந்த ஒரு கேள்வி போதாதா! மணியைத் தூத்துக்குடியிலேயே விற்றுவிட்டான் என்று ஊர் பேசத் தொடங்கியது. தொம்மை அன்றோடு கடலில் கால் நனைப்பதையே விட்டுவிட்டார். நாளைக் காலை பத்து மணி பஸ்ஸில் திருப்பூர் போகிறார். ஏதோ ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலையாம். பை கட்டி வைத்தாகிவிட்டது.

மணியை விற்றவன் என்ற பெயரோடு அப்பா ஊரைவிட்டுப் போவதைப் பிரிஸ்காவால் பொறுக்க முடியவில்லை. அழக்கூட நேரமில்லை. எழுந்து ஓடினாள்.

"மச்சான், நாளைக்கு விடியக்காலம் வத்தைய எறக்கணும்!"

மாமன் மகன் ரொசாரியன் வலை பின்னுவதை நிறுத்தினான். வத்தை என்பது சிறு படகு; என்ஜின் பூட்டிய பழைய வத்தை ஒன்று அவனுக்குச் சொந்தம். வத்தை சின்னது, வாய் பெரியது. "எங்கிட்டு? நெடும்பாருக்கா? போன வருசமே சல்லடை போட்டுச் சலிச்சாச்சே பிள்ள!"

"நாளைக்கு விட்டா அப்பா போயிருவாரு. அப்புறம் மணி கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன?"

"நானும் வாரேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாசி எடுக்கும் பெண்களில் மூத்தவள் காளீஸ்வரி. நாக்கில் மிளகாய் வைத்தே பிறந்தவள். "இவன நம்பி உன்ன கடல்ல விட்டா, ஒன்னயும் சேத்துல்ல தேடணும்!"

விடியற்காலை நாலரைக்கு வத்தை கிளம்பியது. காற்று அசையவில்லை. மாசி மாதத்திலேயே சித்திரை போலப் புழுக்கம். வானம் முழுக்க நட்சத்திரம்.

"பாத்தியாக்கா? சொன்ன மாதிரியே வானம் கழுவி விட்டாப்புல இருக்கு" என்றாள் பிரிஸ்கா.

சொல்லி வாய் மூடவில்லை, கிழக்கே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு கரையின் விளக்குகள் மங்கின. பிறகு வத்தையின் முன்முனையில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரியே மங்கினாள்! ஈரமான வெள்ளைப் புகை கடலிலிருந்து எழுந்து மூவரையும் விழுங்கியது. ரொசாரியன் என்ஜினை நிறுத்தினான்.

"மூடுபனி!" என்றான். வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ரேடியோவுல இதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

பிரிஸ்கா உதட்டைக் கடித்தாள். "நான் பாதியிலயே நிறுத்திட்டேன்க்கா."

"நல்லாருக்கு! நெருப்பப் பத்திக் கேட்டுட்டு, புகையக் கேக்காம வந்திருக்கா!"

விடிந்தது. விடிந்தும் என்ன பிரயோசனம்? இருட்டு வெளுத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. சிலுவை எங்கே, டேங்க் எங்கே, கரை எந்தப் பக்கம்? கைப்பேசி வராத காலம் அது. வழி சொல்ல வானமும் கரையும்தான் உண்டு. இரண்டுமே இல்லை.

"பேசாம நங்கூரத்தப் போட்டு இருப்போம். பத்து மணிக்கு வெயிலேறினா தானா கலைஞ்சிரும்" என்றான் ரொசாரியன்.

"பத்து மணிக்கு பஸ் போயிரும்!" என்று பிரிஸ்கா கத்தினாள். அவளால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வத்தை ஆடியது. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். காற்றில்லாத கடல், கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். "மச்சான், கயித்துல ஈயக்குண்டக் கட்டி விடு. ஆழம் பாப்போம்."

குண்டின் அடியில் சோப்பைத் தடவி இறக்கினார்கள். எட்டு பாகம் ஓடியது. மேலே இழுத்தபோது சோப்பில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. கொஞ்சம் துடுப்புப் போட்டு மறுபடி இறக்கினார்கள். ஏழு பாகம். இன்னொரு பக்கம் போய் இறக்கினார்கள். ஆறு. நான்காவது முறை ஐந்து பாகத்தில் நின்றது. சோப்பில் வெள்ளை மணலும் உடைந்த பவளத் துணுக்கும்!

"பார் ஓரம்! அப்பா சொன்ன பார் ஓரம்!" பிரிஸ்கா விரல்களில் துணியைச் சுற்றினாள், முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டினாள். "மேல ஒண்ணும் தெரியாட்டிப் போகுது. அடி தெரியுதுல்ல? நான் பாரோட ஓரத்தப் புடிச்சே போறேன். கயித்த என் இடுப்புல கட்டி, வத்தைய பின்னாலயே மெதுவா கொண்டாங்க."

"எந்தப் பக்கம் போறோம்னாவது தெரியுமா?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"தெரியாதுக்கா!" என்று சொல்லிவிட்டுக் குதித்துவிட்டாள்.

தண்ணீருக்குள் பனி இல்லை. மங்கலான வெளிச்சத்தில் பாறைத்திட்டு இடப்பக்கம் நீண்டு போயிற்று, வலப்பக்கம் வெள்ளை மணல். மூழ்குவாள், இருபது கை தூரம் பார்ப்பாள், மேலே வந்து மூச்சு வாங்குவாள், மறுபடி மூழ்குவாள். முப்பது முறை, நாற்பது முறை. காதில் வலி. விரல் நுனியில் ரத்தம். முந்தைய வருடங்களில் அந்தக் கோட்டில் தேடிய எந்தப் பாறையும் இங்கே இல்லை. புது இடம் போலிருந்தது. வழி தவறிவிட்டோமோ என்ற பயம் வந்தது. அதற்கும் நின்று யோசிக்க நேரமில்லை என்று மறுபடி மூழ்கினாள்.

அப்போதுதான் மணலில் பாதி புதைந்த ஒரு சிறு மேடு கண்ணில் பட்டது. சிப்பியும் பாசியும் அப்பிய பானை போன்ற ஒரு பொருள். பாறை இவ்வளவு வட்டமாகவா இருக்கும்? அதன் தலையில் கை வைத்தாள். கயிறு கோக்கும் வளையம்!

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து வளையத்தில் கட்டப் போனாள். மேலே வத்தை நகர, கயிற்றின் முனை விரலிலிருந்து வழுக்கிப் போயே போய்விட்டது! தாவினாள், எட்டவில்லை. மூச்சு முட்டியது. மேலே வந்தாள்.

வத்தை இல்லை.

"மச்சான்! அக்கா!"

"பிரிஸ்கா!" என்று பதில் வந்தது. வலப்பக்கமிருந்தா, இடப்பக்கமிருந்தா? பனிக்குள் குரல் எல்லாப் பக்கமும் சுற்றியது. மறுபடி கத்தினாள். இந்த முறை பதில் இன்னும் தூரத்தில் கேட்டது. அவளைத் தேடி எதிர்த்திசையில் போகிறார்கள்!

குரல் வந்த பக்கமாக நீந்தலாம். நீந்தினால் உயிர் பிழைக்கலாம். ஆனால் இந்த இடத்தைவிட்டு இருபது கை நகர்ந்தால் மணி மறுபடி தொலைந்துவிடும். அப்பா பஸ் ஏறிவிடுவார். பிரிஸ்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடல் தண்ணீரோடு அதையும் விழுங்கினாள். ஆழ மூச்சிழுத்துக் கீழே போனாள். கைக்கு அகப்பட்ட பாறைத்துண்டை எடுத்து மணியின் விளிம்பில் ஓங்கி அடித்தாள்.

டங்!

சிப்பி உதிர்ந்தது. இன்னொரு அடி. டங்! நாலு வருடம் ஊமையாய்க் கிடந்த வெண்கலம் அவள் பல்லெல்லாம் அதிரும்படி பேசியது. மேலே வந்து மூச்சு வாங்கினாள், மறுபடி கீழே போய் அடித்தாள்.

வத்தையில் ரொசாரியன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காளீஸ்வரிதான் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "எந்திரிலே! தண்ணிக்குள்ள ஏதோ அடிக்கி. துடுப்ப எடு!"

கத்தாழை மீன் கூட்டம் அடியில் இரைச்சல் போடும். துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக நட்டு, கைப்பிடியில் காதை வைத்தால் அது கேட்கும். அந்தக் கடற்கரையில் மீன் இருக்கும் இடத்தை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். காளீஸ்வரி காதை வைத்தாள். துடுப்பின் தட்டை முகத்தை மெதுவாகத் திருப்பினாள். ஒரு பக்கம் மங்கல். இன்னொரு பக்கம் டங், டங் என்று தெளிவு.

"இங்கிட்டு! என்ஜின் வேண்டாம், சத்தத்த கெடுத்துரும். துடுப்புப் போடு!"

ஐந்தாவது முறை மேலே வந்தபோது பிரிஸ்காவுக்குக் கை தூக்கவும் தெம்பில்லை. பனியைக் கிழித்துக்கொண்டு வத்தையின் மூக்கு அவள் தலைக்கு மேல் நீட்டியது. காளீஸ்வரி அவள் தலைமுடியைப் பற்றி இழுத்துப் போட்டாள். இழுத்துப் போட்டுவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, மணி… கீழ மணி கெடக்கு!"

ரொசாரியன் கயிற்றின் ஒரு முனையை வத்தையில் கட்டிவிட்டு, மறுமுனையோடு தானே குதித்தான். அன்று அவன் பேசாமல் செய்த முதல் காரியம் அது! மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வத்தை ஒருபுறம் சாய்ந்து தண்ணீர் மொண்டது. கடைசியில் அறுபது கிலோ வெண்கலம் தடாலென்று உள்ளே விழுந்தது. மணியின் நாக்கு துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. விளிம்பில் பாசியைத் துடைத்தபோது 'சந்தியாகுதுறை' என்ற எழுத்துகள் கண்ணில் பட்டன.

மணி கிடைத்துவிட்டது. இப்போது கரை எங்கே?

ரொசாரியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதரை. பனி இம்மியும் விலகவில்லை. தப்பான பக்கம் போனால் நடுக்கடலுக்குத்தான் போவார்கள்.

"நமக்குக் கரை தெரியல. கரைக்கு நம்மள தெரியப்படுத்துவோம்" என்றாள் பிரிஸ்கா. இரண்டு துடுப்புகளைக் குறுக்கே போட்டு மணியைத் தொங்கவிட்டார்கள். என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்து அவள் அடித்தாள்.

ஓங்காரமாய் ஒலித்தது மணி! தண்ணீருக்குள் கேட்ட டங் அல்ல இது. பனியை நிறைத்துக்கொண்டு போயிற்று. பத்து முறை அடித்துவிட்டுக் காது கொடுத்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்தபோது, எங்கிருந்தோ மெலிதாக ஒரு சத்தம்.

தடம், தடம், தடம்.

யாரோ கரையில் தகர டிரம்மை அடிக்கிறார்கள்! பிரிஸ்கா மணியை அடித்தால் டிரம் பதில் சொன்னது. மணி நின்றால் அதுவும் நின்றது. ரொசாரியன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வத்தையைச் செலுத்தினான்.

முதலில் தெரிந்தது டிரம். பிறகு அதை அடித்தவர். முழங்கால் அளவு தண்ணீரில், வெளியூருக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தொம்மை!

நடந்ததைப் பிறகு ஊரார் சொன்னார்கள். பனியால் பஸ் வரவில்லை. பையோடு காத்திருந்த மனுஷன் மணிச்சத்தம் கேட்டதும் எழுந்தார். தூத்துக்குடிப் பட்டறையில் ஏற்றுவதற்குமுன் ஒரே ஒருமுறை அந்த மணியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அந்த ஓசையை மறப்பாரா? பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாராம்.

"அப்பா!" என்று பிரிஸ்கா குதித்தாள். அவர் மணியைத் தொட்டார். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரையில் ஊரே நின்றது. ஆனால் ஆரவாரம் இல்லை. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் பிரகாசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மணியைப் பார்த்தார், தொம்மையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "தொம்மை… மூணு படகு இன்னும் வரல. என் மகன் அமலனும் போயிருக்கான். இந்த டிரம் அவ்வளவு தூரம் கேக்காது…"

நாலு வருடமாக ஒரு சொல் சொல்லக் காத்திருந்தவருக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? என்னவெல்லாம் கேட்டிருக்கலாம்! தொம்மை வேட்டியை மடித்துக் கட்டி வத்தையில் ஏறினார்.

"ரொசாரி, தள்ளுலே. டிரம்ம விடாம அடிங்க, நாங்க திரும்பணும்."

காளீஸ்வரி கரையில் இறங்கிக்கொள்ள, பிரிஸ்கா அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அரை மைல் போய் நின்று அவர் மணியை அடித்தார். நிதானமாக, இடைவெளி விட்டு, கை ஓயாமல் அடித்தார். முதல் படகு கால் மணி நேரத்தில் வந்தது. இரண்டாவது அதன் பின்னால். மூன்றாவதில் அமலன் நின்றுகொண்டு, "யாருது மணி? யாருது மணி?" என்று கத்திக்கொண்டே வந்தான்.

"நம்மூரு மணிதாம்லே!" என்று காளீஸ்வரி கரையிலிருந்தே கத்தியிருப்பாள். அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

அப்போது வெயில் ஏறியது. பனி கிழிந்து கிழிந்து விலகி, நீலக்கடலும் வெள்ளைக் கரையும் புலப்பட்டன. தண்டலின் பழக்கம் தண்டலை விட்டுப் போகுமா? தொம்மை தன்னையறியாமல் கரைப்பக்கம் திரும்பி அடையாளம் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளா, நம்ம சிலுவ எங்க?"

"அந்தா நிக்குதேப்பா."

"அது இல்ல. டேங்குக்கு நேரா நின்னதே, பழைய சிலுவ…"

பிரிஸ்கா பார்த்தாள். புதுக் கோயில் பழைய இடத்திலிருந்து நூறு தப்படி கிழக்கே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. கரையில் நூறு தப்படி விலகினால் நெடும்பாரில் கால் மைல் விலகும். அப்பா சொன்னது இடித்துப்போட்ட கோயிலின் சிலுவையை. ஊர் மூன்று வருடமாகப் பார்த்தது புதுக் கோயிலின் சிலுவையை! தினமும் அதே கரையில் நடப்பவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவரை எவரும் கடலுக்குக் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. பனி அன்று அந்தச் சிலுவையை மறைத்திராவிட்டால் பிரிஸ்காவும் அதே தப்பான கோட்டில்தான் மூழ்கிக்கொண்டிருப்பாள்.

தொம்மை சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. பிரிஸ்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் படகில் அமலன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

புது நாக்கு பூட்டி, சாயங்காலத்துக்குள் மணி கூண்டில் ஏறியது. கயிற்றைப் பிரகாசமே கொண்டுவந்து தொம்மையின் கையில் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் கிடந்த பையை யாரோ வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதை அவிழ்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. தொம்மையே அவிழ்த்தார்.

பிரிஸ்கா ரேடியோவைத் திருகினாள். இந்த முறை புத்தி வந்து, கடைசி வரை கேட்டாள். "…வறண்ட வானிலையே நிலவும். கடலோரப் பகுதிகளில் அதிகாலையில் அடர்ந்த மூடுபனி காணப்படும்."

"இத நேத்தே கேட்டிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்ப்பா" என்றாள்.

"கேட்டுக்கணும் பிள்ள. இன்னைக்கு மாதா காப்பாத்துனா. தெனமும் அவளையே வேலை வாங்கக் கூடாது." தொம்மை அலாரம் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தார்.

"எத்தன மணிக்குப்பா வைக்கிறீங்க?"

"நாலுக்கு. நாளைக்கும் பனியாம்ல? படகு போனா, மணியடிக்க ஆள் வேணும்."